பன்றிப்பாறை வெளிச்சம்

இவர் பொய் சொல்கிறவராக இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும். பொய் சொல்கிறவர்கள் அவசரப்படுவார்கள், தோன்றியபோதெல்லாம் பொத்தானை அழுத்தித் தள்ளுவார்கள். இவர் காத்திருக்கிறார். எதற்காகவோ காத்திருந்து, அது வந்ததும் அழுத்துகிறார். இங்கேதான் எதுவும் வரவில்லையே.

ஹெலெத் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். எதிரே இட்வால் உட்கார்ந்திருந்தார். மோவாயைத் தாங்கியில் வைத்து, சலவைத் தொட்டி அகலத்துக்கு இருந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை நுழைத்திருந்தார். ஒரு கண்ணை மறைத்துக் கட்டியிருந்தது. மற்றக் கண் கிண்ணத்தின் நடுவிலுள்ள மஞ்சள் புள்ளியை மட்டுமே பார்க்க வேண்டும். ஓரங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஊசிமுனை வெளிச்சம் தோன்றி மறையும். தோன்றும்போது கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அலைகளுக்கு நடுவே மிதக்கிற ஒரு தலையை யாரும் நேராகப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. ஓரக்கண்ணில்தான் அது முதலில் படும். அந்த ஓரம் ஒருவருக்கு எவ்வளவு தூரம் உயிரோடிருக்கிறது என்று பார்க்கிற சோதனை அது.

போர்த் மெரென் துறையின் மீட்புப் படகில் போகிறவர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. நண்டுக் கூடை போடுகிறவர், டயர் மாற்றுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று பேஜர் அலறினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள். ஆனாலும் சில வருஷங்களுக்கு ஒருமுறை தலைமையகம் அவர்களைப் பரிசோதிக்கச் சொல்லும். நெஞ்சு, முழங்கால், காது இதையெல்லாம் டாக்டர் பார்ப்பார். கண் ஹெலெத்தின் பொறுப்பு. அவள் தகுதி என்று கையெழுத்துப் போட்டால்தான் ஒருவர் படகில் ஏறலாம். ஊரில் எல்லோருடைய பெயரோடும் தொழிலை ஒட்டிவைத்துத்தான் கூப்பிடுவார்கள். இட்வால் நண்டு, எம்லின் டயர். அவள் ஹெலெத் கண்.

"முடிஞ்சுதா மகளே? தாடை மரத்துப் போச்சு," என்றார் இட்வால். கிண்ணத்துக்குள்ளிருந்து வந்ததால் குரல் குடத்தில் பேசியதுபோல் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க. மஞ்சள் புள்ளியை மட்டும் பாருங்க. கண்ணைத் திருப்பக் கூடாது."

"திருப்பலையே."

திருப்பிக்கொண்டுதான் இருந்தார். இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. உட்கார்ந்திருப்பவரின் கண் அதில் பெரிதாகத் தெரியும். இட்வாலின் கருமணி நடுவில் நின்றது. பிறகு, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, இடது பக்கமாகக் கொஞ்சம் கீழே இறங்கி நகர்ந்தது. அங்கேயே நின்றது. பொத்தான் ஒலித்தது. குட்டையாக ஒன்று, குட்டையாக ஒன்று, நெட்டையாக ஒன்று. பிறகு கருமணி நடுவுக்குத் திரும்பி, எங்கேயும் போகாததுபோல் மஞ்சள் புள்ளியைப் பார்த்தது.

ஹெலெத் சத்தமில்லாமல் கையை நீட்டிச் சோதனையை நிறுத்தினாள். இனி கிண்ணத்துக்குள் எந்த வெளிச்சமும் வராது.

கருமணி நகர்ந்தது. குட்டை, குட்டை, நெட்டை.

"இன்னும் வெளிச்சம் வருதா?" என்று கேட்டாள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வருதே. அழுத்துறேன் இல்ல?"

விளக்கைப் போட்டாள். இட்வால் தாடையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். சுவரிலிருந்த எழுத்து அட்டையின் கடைசி வரியைக் கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிப்பதுபோல் படித்திருந்தார். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். அந்த வயதில் அப்படிக் கண் வாய்ப்பது அபூர்வம்.

"என்ன, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாமா?"

"எழுத்தெல்லாம் நல்லாப் படிச்சீங்க. மத்தது அப்பறம் சொல்றேன்."

"அப்பறமா? போன தடவை உடனே கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே."

"மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"மெஷினா," என்றார் இட்வால். அவளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துவிட்டுக் கம்பளித் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

குட்டை, குட்டை, நெட்டை. போர்த் மெரெனில் அதைத் தெரியாதவர் கிடையாது. ஹெலெத்துக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவள் அப்பா கரதோக்தான் படகின் சுக்கானி. ஒரு நவம்பர் மாலை, ஒரு சிறிய பாய்மரப் படகு கரை சேரவில்லை என்று தகவல் வந்து தேடப் போனார்கள். இட்வாலுக்கு அப்போது மீசை அரும்பும் வயது. படகின் மூக்கில் நின்று பார்ப்பது அவர் வேலை. பன்றிப்பாறைப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது, யாரோ டார்ச் அடிக்கிறார்கள், குட்டை குட்டை நெட்டை என்று அடிக்கிறார்கள் என்று கத்தினார். கரதோக் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்குத் தெரியல," என்றார். மற்றவர்களும் தெரியவில்லை என்றார்கள். தண்ணீருக்கடியில் பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிற இடம் அது. நிச்சயமில்லாமல் ஆட்களை அங்கே கொண்டுபோக முடியாது. அவர் படகைத் திருப்பினார். மறுநாள் பன்றிப்பாறையின் இடுக்கில் பாய்மரம் கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, மூன்று பேரும் உயிரில்லாமல். டார்ச் விளக்கு அந்தச் சிறுமியின் மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

கரதோக்கை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சர்ச்சில் அவர் உட்காருகிற பெஞ்சில் மட்டும் இடம் மிச்சமிருக்க ஆரம்பித்தது. அவர் அதற்குப் பிறகு படகில் ஏறவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, துடைத்துவைத்துக்கொண்டிருந்த மகளிடம் திரும்பாமலே சொன்னார்: "நான் பொய் சொல்லல. நெசமாவே எனக்குத் தெரியல." அப்பாவைப் பொய்யர் என்று யாருமே சொல்லவில்லையே, பிறகு ஏன் இதைச் சொல்கிறார் என்று ஹெலெத் அன்று யோசித்தாள். வளர்ந்த பிறகுதான் புரிந்தது. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் ஊர் நினைத்தது. தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லியிருந்தால் மூன்று பேர் பிழைத்திருப்பார்கள். ஒரு மனிதன் தன் கண்ணுக்கு உண்மையாக இருந்ததை மன்னிக்க முடியாமல் போகிற இடங்களும் இருக்கின்றன. நீ ஏன் கண் படிப்பு படித்தாய் என்று யாராவது கேட்டால், அதில்தான் இடம் கிடைத்தது என்று அவள் சொல்வாள். தனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டாள்.

சில வருஷங்களுக்குப் பிறகு சுக்கானியான இட்வால் படகில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒருவர் "வெளிச்சம்" என்று கூவினால், மற்ற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகத் "தெரியுது" என்று பதில் கூவ வேண்டும். தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. தெரியவில்லை என்ற பேச்சே அந்தப் படகில் கிடையாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முடிச்சுப் போடுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித்தருவார்கள்.

ஹெலெத்தின் மகள் பெட்சன் போன வசந்தத்தில் சேர்ந்தாள். இருபது வயது. தாத்தா விட்ட இடத்தை நிரப்ப வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதனாலேயே ஹெலெத்துக்கு அது தெரிந்திருந்தது. சேர்ந்த புதிதில் வீட்டிலும் அதே விளையாட்டுதான்.

"பெட்சன், அந்தப் பக்கம் உப்பு இருக்கா பாரு."

"தெரியுது!"

"எங்க?"

"அது தெரியாது. ஆனா தெரியுது!"

இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அந்த வழக்கத்தால் நன்மையும் நடந்திருந்தது, அதை மறுக்க முடியாது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், வேறெங்கோ தேடிவிட்டுத் திரும்புகையில் இட்வால் பன்றிப்பாறைப் பக்கம் வெளிச்சம் என்று கூவினார். எல்லோரும் தெரியுது என்றார்கள். போனார்கள். துடுப்புப் படகு கவிழ்ந்து பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களை உயிரோடு தூக்கிவந்தார்கள். கேக் வெட்டினார்கள், சர்ச்சில் பாடினார்கள். அந்த இளைஞர்கள் தங்களிடம் டார்ச்சோ வேறு எந்த விளக்கோ இல்லை என்று சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இலையுதிர் காலத்திலோ, எந்தத் தகவலும் வராமலே படகு திரும்பத் திரும்பப் பன்றிப்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறையும் அங்கே ஆள் இல்லை. கடைசியாகப் போனபோது படகின் அடி பாறையில் உரசி நீளமாகக் கீறிக்கொண்டது. பெட்சன் கழுத்துவரை மூடிய கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். துணி மாற்றும்போது ஹெலெத் கதவைத் திறந்துவிட்டாள். தோள் எலும்பின் மேல் கத்தரிப்பூ நிறத்தில் கை அகலத்துக்கு ரத்தம் கட்டியிருந்தது.

"கைப்பிடியில இடிச்சுக்கிட்டேன். ஒண்ணுமில்லம்மா."

"படகு எதுல இடிச்சுது?"

"அதுவும் ஒண்ணுமில்ல."

இன்னும் ஓர் அடி உள்ளே போயிருந்தால் படகு மேலேறிக் கவிழ்ந்திருக்கும் என்று படகுக் கொட்டகையில் பேசிக்கொண்டது பிறகுதான் அவள் காதுக்கு வந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான். பேஜர் அலறாத நாட்களிலும் மகள் எங்கேயிருக்கிறாள் என்று தெரியாமல் ஹெலெத்தால் ஒரு வாய் டீ குடிக்க முடியவில்லை.

இட்வாலுக்கு அடுத்து எம்லின் டயர் கண் சோதனைக்கு வந்தார். படகின் இஞ்சின் அவர் கையில். எண்ணெய்க் கையை இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தும் நாற்காலியில் தடம் பதித்தார்.

"ஏ ஹெலெத், என் பொண்டாட்டி கேக்குறா, இந்த மெஷின்ல உள்ள மூளை இருக்கா இல்லையான்னும் பாத்துச் சொல்லுவியாமே?"

"அதுக்குத் தனி ரேட்டு. மோவாயை வைங்க."

"மூளை இல்லன்னா படகுல போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இருந்தா இந்த ஊர்ல படகே கிடையாது. பேசாதீங்க, கண்ணு ஆடுது."

அவர் பேச்சை நிறுத்தினார். சிரிப்பு இன்னும் அடங்காத அந்தக் கண் திரையில் பெரிதாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அதிலிருந்து வடிந்தது. கருமணி இடது பக்கம் நகர்ந்து, கீழே இறங்கி, நின்றது. குட்டை, குட்டை, நெட்டை.

அடுத்து வந்த டிவ்ரிக் வாத்தியார் முன்னாலேயே சொல்லிவைத்தார். "எனக்குப் பரீட்சைன்னாலே வயித்தைக் கலக்கும். பசங்களுக்கு வைக்கிறப்ப நல்லா இருக்கு." அவருடைய கண்ணும் போனது. அதே இடத்துக்கு. அதே தாளம்.

பழக்கம், என்று ஹெலெத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கடையைச் சாத்திவிட்டு, கல்லாப் பக்கத்து நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். தெரியுது, தெரியுது என்று சொல்லிச் சொல்லி விரலுக்கும் அது பழகிவிட்டது. தாளம் ஊருக்கே மனப்பாடம். துறையிலிருந்து படகு வெளியேறும்போது பன்றிப்பாறை இடது கைப் பக்கம் வரும். அதனால் கண்ணும் இடது பக்கம் போகிறது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. சிரித்துவிடக்கூட முடியும். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதும், அது தோன்றாமலிருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

பின்னறையில் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் கடல் பக்கத்துச் சுவர் இடது கைப்பக்கம் இருக்கும். ஜன்னல் கிடையாது, செங்கல் சுவர்தான். சுவருக்கு அப்பால் தெரு, தெருவுக்கு அப்பால் தண்ணீர். அவள் மேஜையின் சக்கரங்களைத் தளர்த்தி, இயந்திரத்தை நாற்காலியோடு முழுக்கத் திருப்பி எதிர்ச்சுவரைப் பார்க்க வைத்தாள். மூச்சு வாங்கியது. இனி உட்காருகிறவருக்குக் கடல் வலது பக்கம். பழக்கமாக இருந்தால் கண் இடது பக்கமேதான் போகும். கைக்குத் தெரிந்த பழக்கத்துக்கு மேஜை திரும்பியது தெரியாது.

திங்கட்கிழமை மத்தியானம் பெட்சன் வந்தாள்.

"அறையை ஏன் மாத்தின?"

"பெருக்க வசதியா இருக்கும்னு."

"நீயா? பெருக்கவா?" பெட்சன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "எங்கம்மா பெருக்குறான்னு சொன்னா தலைமையகமே நம்பாது."

ஹெலெத் மகளின் கண்ணில் மறைப்பைக் கட்டினாள். குழந்தையில் காய்ச்சல் பார்க்கத் தொட்ட அதே நெற்றி. விளக்கை அணைத்தாள். போன வசந்தத்தில் இதே இயந்திரத்தில்தான் பெட்சனைச் சோதித்தாள். அப்போது கண் நடுப்புள்ளியை விட்டு அசையவேயில்லை. அப்படி ஒரு கண்ணைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பெருமைகூடப் பட்டாள். இப்போது திரையில் தெரிந்த கண்ணும் அப்படித்தான் தொடங்கியது. தெளிவாக, அசையாமல். வெளிச்சங்கள் வந்தன, விரல் அழுத்தியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஹெலெத்தின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

சோதனையை நிறுத்தினாள்.

இருட்டில் இரண்டு பேருடைய மூச்சும் கேட்டது. கருமணி நடுவில் இருந்தது. இருந்தது. பிறகு வலது பக்கம் நகர ஆரம்பித்தது. வலது பக்கம், கொஞ்சம் கீழே. சுவரை நோக்கி, சுவருக்கு அப்பால் இருந்ததை நோக்கி. அங்கே போய் நின்றதும், தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் சற்றே விரிந்தது.

குட்டை, குட்டை, நெட்டை.

ஹெலெத் விளக்கைப் போட்டாள். கை சுவிட்சிலேயே இருந்தது.

"என்னம்மா? முடிஞ்சுதா?"

"பெட்சன், உன்கிட்ட ஒண்ணு கேக்குறேன். தண்ணியில வெளிச்சம்னு இட்வால் கூவும்போது, நீ பாத்துட்டுச் சொல்றியா, சும்மா சொல்றியா?"

பெட்சன் மறைப்பை அவிழ்த்து விரலில் சுற்றினாள். "முதல்ல சும்மாதான் சொன்னேன். எல்லாரும் சொல்றாங்க, நானும் சொன்னேன்." கொஞ்சம் யோசித்தாள். "அப்பறம் தெரிய ஆரம்பிச்சுது."

"எப்பலேர்ந்து?"

"அது எப்பன்னு சொல்ல முடியாது. சொல்லச் சொல்லத்தான்." அம்மாவின் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "பயமா ஒண்ணுமில்லம்மா. பாவமா இருக்கு, அவ்வளவுதான். சின்னக் கை அடிக்கிற மாதிரி இருக்கும். நீளமா அடிக்கும்போது கை வலிச்சு லேசா நடுங்கும்."

ஹெலெத் மகளின் விரலிலிருந்து மறைப்பை வாங்கி இழுப்பறையில் வைத்தாள். அன்று இரவு உணவுக்கு இரண்டு தட்டு வைத்தாள், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், மீன் கடையில் யாரோ சண்டை போட்ட கதையைப் பெட்சன் சொன்னாள். ஹெலெத் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். மகளின் கண் பேச்சுக்கு நடுவே அடிக்கடி ஜன்னல் பக்கம் போய்வந்தது. அது எல்லோரும் செய்வதுதானே. கடலோரத்தில் குடியிருக்கிற எல்லோரும் செய்வதுதான்.

முடிவை நேரில் சொல்ல வேண்டும் என்று அவள் தீர்மானித்திருந்தாள். நாலு மணிக்கே இருட்டத் தொடங்குகிற மாசம். மறுநாள் மூன்றரை மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் படகுக் கொட்டகைக்குப் போனாள். பெரிய கதவுகள் திறந்திருந்தன. அங்கிருந்து சறுக்குத்தளம் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாகக் கிடந்தது. படகு தன் தொட்டிலில் நின்றது. அடியிலிருந்த கீறலுக்கு மேல் புது வண்ணம் பூசியிருந்தார்கள். நாலு பேரும் இருந்தார்கள். பெட்சனும் எம்லினும் ஏற்கெனவே படகில் போடும் மஞ்சள் ரப்பர் சூட்டைப் போட்டிருந்தார்கள். டிவ்ரிக் திராட்சை ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"வா வா. கண் வந்தாச்சு, டீ ஊத்து," என்றார் எம்லின். "பாஸா பெயிலா? பெயில்னா ரொட்டி கிடையாது."

"உங்க நாலு பேருக்கும் நான் கையெழுத்துப் போடப் போறதில்ல," என்றாள் ஹெலெத்.

எம்லின் சிரிக்க வாயைத் திறந்து, யாரும் சிரிக்காததைப் பார்த்து மூடிக்கொண்டார். டிவ்ரிக் கத்தியைக் கீழே வைத்தார்.

"நாலு பேரும்னா..." என்றார் டிவ்ரிக். "அப்பறம் படகை எடுக்க ஆளே இல்ல, ஹெலெத். நம்ம படகு ஆளுங்கள்ல மத்த ரெண்டு பேருக்கும் வெளியூர்ல வேலை. படகைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"தெரியும்."

"பக்கத்து ஊர்ப் படகு முனையைச் சுத்திக்கிட்டு வரணும். அது வர்றதுக்குள்ள தண்ணியில விழுந்தவன் என்ன ஆவான்னு நினைச்சியா?"

"நினைச்சேன். நேத்து ராத்திரி பூரா நினைச்சேன்." உண்மைதான். இனி வருகிற ஒவ்வொரு புயலிலும் அவள் அதை நினைக்க வேண்டியிருக்கும். "புது ஆளுங்களைத் தயார் பண்ண தலைமையகத்துக்கு எழுதியிருக்கேன். இல்லாத வெளிச்சத்துக்கு நீங்க பட்டனை அழுத்துறீங்க. உங்க நாலு பேருக்கும் கண்ணு ஒரே பக்கம் போவுது. அடுத்த தடவை அந்தப் பாறை கீறலோட விடாது."

"கண்ணு எங்கயும் போவல, உன் மெஷின்தான் போயிடுச்சு," என்றார் எம்லின். பிறகு, வேண்டுமென்றே சொன்னாரா வாய் தவறிச் சொன்னாரா தெரியவில்லை, "கரதோக் மக வேற எப்படிச் சொல்லுவா," என்றார்.

"எம்லின், வாயை மூடு," என்றார் இட்வால்.

அவர் அதுவரை வாசலில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். இப்போது நகர்ந்து ஹெலெத்துக்கு இடம் விட்டார்.

"இங்க வா மகளே. உன்மேல எனக்குக் கோபம் இல்ல. உங்கப்பா மேலயும் இல்ல, என்னைக்கும் இருந்ததில்ல. ஒரு டப்பாக்குள்ள மூஞ்சியை வச்சுப் பாத்து நாங்க குருடுன்னு சொல்ற. சரி. இங்க வந்து உன் கண்ணால பாரு. நீ பாத்துட்டா எங்க கண்ணு நல்ல கண்ணுதானே? மெஷின்தானே தப்பு? கையெழுத்துப் போட்டுடலாம்."

"கடலோரக் காவல்ல கேட்டீங்களா? யாரையாவது காணோமா?"

"கேட்டேன். யாரையும் காணோம்னு சொல்லல." அவர் தணிந்த குரலில், அழைக்கிறவர்போலச் சொன்னார்: "வா. இப்பவும் அடிக்குது."

ஹெலெத் அவர் பக்கத்தில் போய் நின்றாள். குளிர்காற்று கன்னத்தில் பட்டது. மற்றவர்கள் பின்னால் வந்து நின்றதை அவர்களுடைய சூட்டுகளின் ரப்பர் உரசலில் உணர்ந்தாள். பெட்சன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது.

"வெளிச்சம்," என்றார் இட்வால். கூவவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

"தெரியுது," என்றார் எம்லின்.

"தெரியுது," என்றார் டிவ்ரிக்.

"தெரியுது," என்றாள் பெட்சன்.

பிறகு எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீரும் காத்திருந்ததுபோல் இருந்தது. சறுக்குத்தளத்தின் அடியில் ஓயாமல் கேட்கும் சலசலப்பைக் காணோம்.

பார்ப்பதற்கு ஒரு புள்ளி வேண்டும். அவள் சறுக்குத்தளத்தின் முடிவிலிருந்த இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டாள், கண்ணால். அதைவிட்டு அசையக் கூடாது. ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள், நடுவை மட்டும் பாருங்கள் என்று. இவ்வளவு கஷ்டம் என்று எவரும் சொன்னதில்லையே. இடது பக்கம், கொஞ்சம் கீழே, பார்வை முடிகிற விளிம்பில் ஏதோ இருந்தது. இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது; இருக்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கண் தசையில் மெல்லிய இழுப்பொன்று தொடங்கியது. நோகவில்லை. தூக்கத்தில் குழந்தை விரலைப் பிடித்து இழுக்கிற மாதிரிதான் இருந்தது. திரும்பிவிட்டால் தெரியும். தெரிந்துவிட்டால் எல்லாம் சுலபம். பெஞ்சில் இடம் மிச்சமிருக்காது, மகளுக்கு அம்மாவிடம் கோபமிருக்காது, படகு போகும்.

படகு போகும்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த நேரமெல்லாம் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

"அம்மா," என்றாள் பெட்சன், காதுக்குப் பக்கத்தில். "ஒரே ஒரு வார்த்தைதானே. தெரியுதுன்னு சொல்லு. உனக்கே தெரிய ஆரம்பிக்கும்."

ஹெலெத் இரும்புத் தூணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகளின் கையை விடவும் இல்லை.

"எனக்குத் தெரியல," என்றாள்.